பூனைக்குக் கெராங்கும் இறாலும் கொடுக்கலாமா?

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த பாலோ கடலைக் காணாத ஊர். பேக்கோக்கிலிருந்து தெற்கே குளுவாங் நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் அமைந்த இச்சிற்றூரைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர் மரங்கள் நிறைந்திருந்தன. இன்று பெரும்பாலும் செம்பனை மரங்களே காணப்படுகின்றன. ஆயினும் கடலுணவு இங்கே அரிய பொருளன்று. மீன் வண்டியும் இரவுச் சந்தையும் கெராங், லாலா, இறால், நண்டு ஆகியவற்றை நம் வாயிற்படி வரை கொண்டு வந்து சேர்த்துவிடுகின்றன. அவை அடுப்பிலேறும் நாளில் வீட்டுப் பூனை சமையற்கட்டை விட்டு அகலுவதில்லை.

அண்மையில் இவ்வட்டாரத் தோட்டமொன்றிற்குச் சென்றிருந்தபோது மூதாட்டி ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். “ஐயா, நேற்றிரவு கெராங் அவித்தோம். மீந்ததைப் பூனைக்கு வைத்தேன். காலையிலிருந்து அது வாந்தி எடுக்கிறது. இனி அதற்குக் கொடுக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார்.

“அம்மா, அந்தக் கெராங்கை வீட்டில் வேறு யார் சாப்பிட்டார்கள்?” என்று நான் வினவினேன்.

“என் பேரன் சாப்பிட்டான்” என்றார்.

“அவன் இப்பொழுது எப்படி இருக்கிறான்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பூனையைப் பற்றிக் கேட்டால் பேரனைப் பற்றிக் கேட்கிறாரே என்று எண்ணியிருப்பார். ஆனால் இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மூதாட்டியின் ஐயத்திற்கு விடை கூறிவிடுவோம். நன்கு வேகவைத்து, ஓடு நீக்கி, உப்பும் மசாலையும் சேர்க்காமல், மிகச் சிறிய அளவில், எப்பொழுதாவது ஒரு முறை கொடுப்பதால் நலமான பூனைக்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. பச்சையாகக் கொடுத்தலும், நம் தட்டில் மீந்த குழம்பைக் கொடுத்தலும், அன்றாட உணவாகவே கொடுத்தலும் தவறு. இவ்விடையின் ஒவ்வொரு பகுதிக்கும் தக்க காரணம் உண்டு.

ஊனுண்ணியின் உடல்

நாய் மனிதனோடு பழகிச் சோற்றுக்கும் தன் உடலை ஓரளவு பழக்கிக்கொண்டது. பூனையோ இன்றளவும் முழுமையான ஊனுண்ணியாகவே இருக்கிறது. விலங்கின் ஊனிலிருந்து மட்டுமே கிடைக்கக்கூடிய சில சத்துகள் இல்லாமல் அதனால் வாழ இயலாது.

அச்சத்துகளுள் முதன்மையானது டாரின் என்பது. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. டாரின் குறைந்த உணவை உண்ட பூனைகளின் விழித்திரை பழுதடைந்து பார்வை கெடுகிறது என்பதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். இதே குறைபாட்டால் இதயத் தசை தளர்ந்து பூனைகள் மடிகின்றன என்பது 1987ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அதன் பின்னரே பூனைக்கென விற்கப்படும் உணவுகளில் டாரினின் அளவு உயர்த்தப்பட்டது.

சிப்பி வகைகளிலும் இறாலிலும் டாரின் உண்டு, புரதமும் மிகுதி, கொழுப்போ குறைவு. ஆகவே பூனை அவற்றை நாடுவதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் நாடுவதெல்லாம் நன்மையே என்று கொள்ளலாகாது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு.

அளவு என்பது யாது? சுமார் 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி வரை போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக அமையலாகாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அவித்த இறாலின் தசை 100 கிராமில் ஏறத்தாழ 100 கலோரி உள்ளது. கணக்கிட்டுப் பார்ப்பின், நடுத்தர அளவுள்ள 2 இறாலோடு அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு முறை இவ்வளவே போதும். கெராங்கானால் 2 அல்லது 3 சதைத் துண்டுகள். நமக்கு இது கைப்பிடிக்கும் குறைந்த அளவாகத் தோன்றலாம். ஆனால் பூனையின் வயிறு நம் வயிறன்று என்பதை மறத்தலாகாது.

பச்சையாகக் கொடுப்பதில் உள்ள தீங்கு

“காட்டில் பூனை எதையும் சமைத்தா உண்கிறது?” என்று சிலர் கேட்பதுண்டு. காட்டுப்பூனை எலியையும் பறவையையும் பிடித்து உண்கிறதேயன்றி, கடல் மண்ணைத் தோண்டிக் கெராங் எடுத்து உண்பதில்லை.

சிப்பி வகைகள் பலவற்றின் பச்சைச் சதையிலும், சில வகைப் பச்சை மீன்களிலும் தயமினேஸ் என்னும் நொதிப்பொருள் ஒன்று உள்ளது. பி1 உயிர்ச்சத்தாகிய தயமினைச் சிதைப்பது அதன் இயல்பு. இதன் விளைவை உலகம் முதலில் கண்டறிந்தது பூனையிடத்தில் அன்று; நரியிடத்தில். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மென்மயிருக்காக வளர்க்கப்பட்ட நரிகளுக்குப் பச்சைக் கெண்டை மீன் கொடுக்கப்பட்டது. அந்நரிகள் கால்கள் தளர்ந்து, வாதமுற்று மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, பச்சை மீன் அவற்றின் உணவிலிருந்த தயமினை அழித்துவிட்டது புலனாயிற்று. மீனை வேகவைத்துக் கொடுத்தால் அத்தீங்கு நேர்வதில்லை. வெப்பத்தில் அந்நொதிப்பொருள் செயலற்றுப் போய்விடுகிறது.

பூனைக்கும் இதே நிலைதான். இரண்டொரு துண்டு பச்சைச் சிப்பியால் இந்நோய் வந்துவிடாது. தொடர்ந்து கொடுத்து வந்தால் வரும். முதலில் உண்ண மறுக்கும். பின்னர் வாயில் நீர் வடியும், நடை தள்ளாடும், கண்மணிகள் விரியும், தலை தாழ்ந்து மோவாய் மார்பைத் தொடும், இறுதியில் வலிப்புக் காணும். தொடக்கத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காலந்தாழ்த்தினால் மூளை பழுதடையும்.

நம் முன்னோரும் புழுங்கலரிசியும்

இந்தத் தயமின் நமக்குப் புதிய பொருளன்று. நம் தோட்டப்புற வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. கால்கள் வீங்கும், நரம்புகள் தளரும், இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களே அதற்கு மிகுதியாக இரையாயினர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இவ்வேறுபாட்டை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கூர்ந்து நோக்கி எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் 1905ஆம் ஆண்டில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார். தீட்டிய அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது. 1907ஆம் ஆண்டு முதல், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நடத்திய ஆய்வுகள், அரிசியைத் தீட்டும்போது கழிந்துபோகும் பகுதியிலேயே காக்கும் பொருள் உள்ளது என்பதை உறுதிப்படுத்தின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டியுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால்தான் புழுங்கலரிசிச் சோறு நம் பாட்டன் பாட்டியரைக் காத்தது.

அன்று நம்மவரைக் காத்த அதே உயிர்ச்சத்தைத்தான் பச்சைச் சிப்பி பூனையின் உடலிலிருந்து கவர்ந்துகொள்கிறது. கொதிநீர் அதற்குத் தடையாக நிற்கிறது.

சம்பாலும் வெங்காயமும்

நம் வீடுகளில் கெராங்கை வெறுமனே அவித்து உண்போர் குறைவு. சம்பால் சேர்த்து வதக்குவோம், இறாலைப் புளிக்குழம்பாக்குவோம், நண்டை மிளகாயும் பூண்டும் இட்டுப் பிரட்டுவோம். தட்டில் மீந்ததைப் பூனைக்குத் தள்ளிவிடுவதே வழக்கம். பல நேரங்களில் தீங்கு கடலுணவில் இருப்பதில்லை. அதனோடு சேர்ந்த பொருள்களிலேயே இருக்கிறது.

வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் தன்மையுடையன. வதக்கினாலும் பொடியாக்கினாலும் அத்தன்மை மாறுவதில்லை. வெங்காயம் கலந்த உணவைத் தொடர்ந்து உண்ணும் பூனை சோகையுற்று, ஈறு வெளுத்து, மூச்சிரைத்துச் சோர்ந்து கிடக்கும். பெலாச்சானில் உப்பு மிகுதி. மிளகாயும் தேங்காய்ப்பாலும் வயிற்றைக் கலக்கும்.

ஓடும் தீங்கு தருவதே. நண்டின் ஓடும் இறாலின் தலைமுள்ளும் வால்நுனியும் தொண்டையில் சிக்கலாம், குடலைக் கிழிக்கலாம். மேலும், மனிதருள் சிலருக்கு இறால் ஒவ்வாதது போன்று பூனைகளுள்ளும் சிலவற்றிற்கு ஒவ்வாது. முதன்முறை கொடுக்கும்போது நகத்தளவு கொடுத்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். சொறிந்துகொண்டாலோ, வாந்தியோ கழிச்சலோ கண்டாலோ மீண்டும் கொடுக்கலாகாது.

கொதிநீருக்கு அடங்காத நஞ்சு

இதுவரை கூறியவை நம் சமையற்கட்டிலேயே தடுக்கக்கூடியவை. இனிக் கூறப்போவது அவ்வாறன்று.

கெராங், லாலா, கூப்பாங் போன்ற இருவோட்டுச் சிப்பிகள் கடல்நீரை உறிஞ்சி, வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்பவை. நீரில் எது இருந்தாலும் அது சிப்பியின் உடலில் வந்து தங்கும். நோய்க்கிருமி தங்கினால் போதிய வெப்பம் அதனைக் கொல்லும். 1988ஆம் ஆண்டில் சீனாவின் ஷாங்காய் நகரில் அரைவேக்காட்டுச் சிப்பியை உண்ட ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஏ வகை மஞ்சட்காமாலையால் தாக்குண்டனர். கெராங்கைச் சுடுநீரில் முக்கியெடுத்துச் சிவந்த நீரோடு உண்ணும் பழக்கமுடையோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆனால் கடலில் சில காலங்களில் நச்சு நுண்பாசிகள் பெருகுவதுண்டு. சில வேளைகளில் நீர் செந்நிறமாவதால் இதனைச் செங்கடற்பெருக்கு என்பர். அப்பாசியை உண்ட சிப்பி நலமாகவே இருக்கும். அதனை உண்பவருக்கோ உதடும் நாவும் மரத்து, கைகால் தளர்ந்து, மூச்சு நின்றுபோகும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்தில்லை. நஞ்சு நீங்கும் வரை மருத்துவமனையில் மூச்சைக் காத்துக்கொடுப்பதே வழி. அவித்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டில் சபாவின் மேற்குக் கரையில் இவ்வாறு பலர் நோயுற்றனர், சிலர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலும் 1981ஆம் ஆண்டில் சிப்பி உண்டவர்களுள் மூவர் இதனால் மாண்டனர். ஆகவே மீன்வளத் துறை ஒரு கரையோரத்துச் சிப்பியை உண்ண வேண்டாம் என்று அறிவித்தால், அது கடலோரத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அந்தச் சிப்பி வண்டியேறிப் பாலோவுக்கும் வரக்கூடும்.

மினமாத்தா கற்பித்த பாடம்

சிப்பியையும் பூனையையும் பற்றிப் பேசும்போது ஜப்பான் நாட்டின் மினமாத்தாவை நினையாதிருத்தல் இயலாது.

கியூஷு தீவில் உள்ள மினமாத்தா, மீன்பிடித்து வாழ்ந்த எளிய மக்களின் கடற்கரையூர். 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்த பூனைகள் விந்தையாக நடந்துகொள்ளலாயின. நிற்க முடியாமல் சுழன்றன, துள்ளி விழுந்தன, சில கடலிலே வீழ்ந்து மடிந்தன. மக்கள் அதனைப் ‘பூனை ஆடும் நோய்’ என்றனர். அதன் பொருளை உணர்ந்தார் இலர்.

1956ஆம் ஆண்டில் அங்கே சிறுமியர் இருவர் நடக்கவும் பேசவும் இயலாதவராயினர். அவர்கள் உடன்பிறந்தவர்கள், இருவரும் ஆறு வயது நிரம்பாதவர்கள். அவ்வாண்டு மே மாதம் முதல் நாள், அவ்வூர்த் தொழிற்சாலையின் மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவித்தார். விரிகுடாவில் பிடித்த மீனையும் சிப்பியையும் நலமான பூனைகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது அவற்றிற்கும் அந்நோய் கண்டது. 1959ஆம் ஆண்டில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாதரசச் சேர்மமே காரணம் என்று அறிவித்தனர். அதே ஆண்டில், சிசோ தொழிற்சாலையின் கழிவுநீர் கலந்த உணவை ஹொசோகாவா ஒரு பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். 400ஆம் எண்ணிட்ட அப்பூனையும் நோயுற்றது. அம்முடிவை நிறுவனம் வெளியிடவில்லை. பாதரசக் கழிவு கடலில் கலப்பது 1968ஆம் ஆண்டு வரை நீடித்தது. அரசினால் நோயாளிகளென ஏற்கப்பட்டோர் மட்டும் 2,000 பேருக்கு மேல். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, மினமாத்தாவின் பெயரையே தாங்கியது.

பூனைகள் ஏன் முன்னதாக நோயுற்றன? அவற்றின் உடல் சிறியது. உணவோ பெரும்பாலும் மீனும் சிப்பியும். ஆகவே மனிதருக்குச் சில ஆண்டுகளில் வந்த தீங்கு அவற்றிற்கு விரைவில் வந்தது. அடுத்துத் தாக்குண்டோருள் சிறுவர்களும் தாயின் வயிற்றிலிருந்த சிசுக்களும் இருந்தனர். பூனைகள் ஆடியபோதே ஊரார் காரணம் தேடியிருப்பின், பல குழந்தைகள் காக்கப்பட்டிருப்பார்கள் அல்லவா?

கால்வாயில் கிடைப்பவை

கடற்கரையைப் பற்றிய செய்தி நமக்கெதற்கு என்று எண்ணலாகாது. தோட்டத்துக் கால்வாயிலும் ஓடையிலும் நத்தையும் சிப்பியும் பொறுக்குவது சிறுவர்களுக்கு விளையாட்டு. களைக்கொல்லி தெளிக்கும் நிலத்திலிருந்து மழைநீர் அக்கால்வாய்களுக்கே வடிகிறது. நாற்றுப் பண்ணைகளில் நத்தைகளைக் கொல்ல இடப்படும் நச்சுக் குருணை பூனைக்கும் நாய்க்கும் நஞ்சேயாகும். நத்தைகளில் எலியிலிருந்து பரவும் புழுக்களும் இருக்கக்கூடும். அவை மனித மூளையையும் தாக்குபவை. ஆகவே அங்கே பொறுக்கியதைப் பூனைக்கும் கொடுக்கலாகாது, பிள்ளைகளும் உண்ணலாகாது.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சமைக்கும் முன்னரே பூனையின் பங்கைத் தனியே எடுத்து, வெறும் நீரில் வேகவைக்கவும்.

2. கெராங்கின் ஓடு திறந்தவுடன் அடுப்பை அணைத்துவிடாமல் மேலும் 5 நிமிடம் கொதிக்கவிடவும். வெந்தும் திறவாத சிப்பியை எறிந்துவிடவும்.

3. ஓடு, தலை, வால், குடல் ஆகியவற்றை நீக்கிச் சதையை மட்டும் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கவும்.

4. வாரத்திற்கு ஒரு முறைக்கு மேல் வேண்டா. குட்டிக்கும், சினைப்பூனைக்கும், சிறுநீரக நோயுள்ள பூனைக்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டா.

5. இரவில் மீந்து, காலை வரை வெளியில் கிடந்ததைக் கொடுக்க வேண்டா. நமக்கு ஆகாதது பூனைக்கும் ஆகாது.

6. ஓட்டையும் தலையையும் மூடியுள்ள குப்பைத் தொட்டியில் இடவும்.

7. பூனை ஒரு முறை வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டால் நீர் வைத்துக் கவனிக்கலாம். வாந்தி தொடர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, மூச்சுத் திணறினாலோ காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும்.

8. அவ்வாறு நேர்ந்தால், அதே உணவை உண்டவர் யாவர் என்று உடனே கேட்டறியவும். எவருக்கேனும் உதடு மரத்தாலோ, நா குழறினாலோ, வாந்தியும் தளர்ச்சியும் கண்டாலோ பொறுத்துப் பார்க்க வேண்டா. 999 என்னும் எண்ணுக்கு அழைக்கவும். அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். மீந்த உணவிருந்தால் எறியாமல் உடன் எடுத்துச் செல்லவும்.

மூதாட்டியின் வீட்டிற்கு நாங்கள் இருவரும் நடந்தோம். பேரன் வாயிலில் மிதிவண்டியின் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தான். கேட்டபோது, தனக்கு ஒன்றுமில்லை என்றான். பூனை படிக்கட்டின் கீழே சுருண்டு கிடந்தது. அதற்கு வைத்த தட்டைக் காட்டச் சொன்னேன். சம்பாலில் பிரட்டிய கெராங். வெங்காயம் பாதி, சிப்பி பாதி. காரணம் பெரும்பாலும் அதுவே என்று கூறி, தட்டைக் கழுவச் சொன்னேன். பூனையை மாவட்டக் கால்நடை அலுவலகத்திற்குக் கொண்டு செல்லும்படியும், பேரனை அன்று முழுவதும் கவனித்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன்.

“பூனை வாந்தி எடுத்தவுடன் இவனைப் பற்றி எனக்குத் தோன்றவில்லையே!” என்று அம்மூதாட்டி வருந்தினார். அவ்வருத்தமே நமக்கு வேண்டிய பாடம். வீட்டுப் பூனை நாம் உண்பதையே உண்கிறது. நம்மினும் சிறிய உடலால் அதனைத் தாங்குகிறது. அதற்கு இரண்டு துண்டு இறால் கொடுப்பது அன்பு. அது நோயுற்றால் ஏன் என்று கேட்டறிவது, நம் குழந்தைகளைக் காக்கும் அறிவு.